டெக்னிக்கல் ரைட்டர்களுக்கு சங்கம் எதுக்கு? சேர்ந்தால் என்ன கிடைக்கும்? காசு கட்டும் முன் தெரிய வேண்டியவை

வாஷிங் மெஷின் வாங்கினால் கூடவே ஒரு சின்ன புத்தகம் வருகிறதே, அதை யார் எழுதுகிறார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? மொபைல் ஆப்பில் 'உதவி' என்று ஒரு பக்கம் இருக்கும். ஆஸ்பத்திரியில் ஒரு கருவியோடு அதை இயக்கும் வழிமுறை வரும். சாஃப்ட்வேர் கம்பெனி தன் ஏ.பி.ஐ.யை மற்ற டெவலப்பர்கள் எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று பக்கம் பக்கமாகப் போட்டிருக்கும். இதையெல்லாம் எழுதுவது சிலருக்கு முழுநேர வேலை. அவர்களைத்தான் டெக்னிக்கல் ரைட்டர்கள் என்கிறோம்.

இந்த வேலை செய்பவர்களுக்கு அமெரிக்காவில் ஒரு பழைய சங்கம் இருந்தது. பெயர் சொசைட்டி ஃபார் டெக்னிக்கல் கம்யூனிகேஷன், சுருக்கமாக எஸ்.டி.சி. இந்தியாவிலும் அதற்குக் கிளை இருந்தது. 70 வருஷத்துக்கு மேல் ஓடிய அந்தச் சங்கம், 2025 ஜனவரி 29 அன்று தன்னை மூடிக்கொள்வதாக அறிவித்தது. கிளைகளும் அதோடு முடிந்தன.

இவ்வளவு பெரிய சங்கமே போய்விட்டது என்றால், இனி ஒருவர் எதற்காக ஒரு சங்கத்தில் சேர வேண்டும்? காசு கட்டணுமா, வேண்டாமா? விரிவாகப் பார்க்கலாம்.

இரும்பையில் இருந்து இந்தக் கேள்வி ஏன்?

விழுப்புரம் மாவட்டம் வானூர் தாலுகாவில் இருக்கிறது இரும்பை. திருஞானசம்பந்தர் பாடிய மாகாளேஸ்வரர் கோயில் உள்ள ஊர். ஒரு பக்கம் ஆரோவில். வடக்கே போனால் கழுவெளி ஏரி, அதையும் தாண்டினால் மரக்காணம் உப்பளங்கள்.

இந்தப் பக்கத்தில் இருந்து புதுச்சேரிக்கும் திண்டிவனத்துக்கும் பஸ் ஏறிப் படித்துவிட்டு வரும் பிள்ளைகளில், கோடிங் பிடிக்காதவர்கள் உண்டு. ஆனால் விஷயத்தைப் புரிந்துகொண்டு தெளிவாக எழுத வரும். அப்படி ஒருவருக்கு சென்னையில் உள்ள ஒரு கம்பெனியில் டெக்னிக்கல் ரைட்டர் வேலை கிடைத்து, வீட்டில் இருந்தே வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டீமில் பதினைந்து டெவலப்பர்கள். எழுதுபவர் இவர் ஒருவர்தான்.

இந்த வேலையின் பெரிய சிக்கலே இதுதான். டெவலப்பர் எழுதிய கோடை இன்னொரு டெவலப்பர் சரிபார்ப்பார். ரைட்டர் எழுதியதை இன்னொரு ரைட்டர் சரிபார்க்க பல இடங்களில் ஆளே கிடையாது. நாம் எழுதுவது நன்றாக இருக்கிறதா, சம்பளம் சரிதானா, மற்ற கம்பெனிகளில் என்ன டூல் பயன்படுத்துகிறார்கள், எதுவும் தெரியாது. ஏ.ஐ. வந்த பிறகு, "உன் வேலையை அதுவே செஞ்சிடுமே" என்று மேலாளர் கேட்டால் என்ன பதில் சொல்வது என்றும் தெரியாது.

இன்னொரு விஷயம். டெக்னிக்கல் ரைட்டிங் என்றாலே சாஃப்ட்வேர்தான் என்று நினைக்க வேண்டாம். 1989ல் தொடங்கிய ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட் இரும்பைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மண்ணை அழுத்திக் கட்டுமானக் கல் செய்யும் 'ஆரம்' என்ற இயந்திரம் ஆரோவில்லில் இருந்து வெளிநாடுகளுக்கும் போகிறது. மண்ணில் எவ்வளவு மணல், எவ்வளவு சிமென்ட், எத்தனை நாள் ஈரமாக வைக்க வேண்டும் என்று எழுத்தில் சரியாக இல்லாவிட்டால், எங்கோ ஒரு நாட்டில் கல் உடைந்து போகும். அந்த எழுத்தும் டெக்னிக்கல் ரைட்டிங்தான்.

தொழிற்சங்கம் வேறு, இது வேறு

மரக்காணம் பக்கம் 'சங்கம்' என்று சொன்னால் மக்கள் மனதில் வருவது உப்பளத் தொழிலாளர் சங்கம். கூலி உயர்வு கேட்பது, முதலாளிகளோடு பேசுவது, அரசிடம் மனு கொடுப்பது அதன் வேலை. வடகிழக்குப் பருவமழை வந்தால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களுக்காக தமிழ்நாடு அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணம், உப்பளத் தொழிலாளர்கள் வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு வந்தது. 'சங்கத்துல சேர்ந்தா என்ன கிடைக்கும்?' என்ற கேள்விக்கு அங்கே கையில் எண்ணிக் காட்ட பதில் இருக்கிறது.

தொழில்முறை சங்கம் அப்படி இல்லை. உங்கள் சம்பளத்துக்காக அது கம்பெனியோடு பேசாது. வேலையை விட்டு நிறுத்தினால் வழக்குப் போடாது. அதற்கு தொழிற்சங்கம்தான் வேண்டும். ஐ.டி. ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம், சட்டத்தில் தடை இல்லை என்று தமிழ்நாடு அரசு 2016லேயே தெளிவுபடுத்திவிட்டது. டெக்னிக்கல் ரைட்டருக்கும் அது பொருந்தும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, 'ஆயிரக்கணக்கில் கட்டினேன், வேலை போனப்போ ஒருத்தரும் வரலை' என்று வருத்தப்படுவதில் பயன் இல்லை.

பார் கவுன்சில், மருத்துவ கவுன்சில் போலவும் இது கிடையாது. வக்கீலாக வேலை செய்ய பார் கவுன்சிலில் பதிவு வேண்டும். பட்டயக் கணக்காளருக்கு 1949ஆம் ஆண்டு சட்டத்தின்படி அமைந்த அமைப்பில் உறுப்பினர் பதவி வேண்டும். டெக்னிக்கல் ரைட்டருக்கு இந்தியாவில் லைசென்ஸ் எதுவும் இல்லை. எந்தச் சங்கத்திலும் சேராமல் 30 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெறலாம்.

அப்போ என்னதான் கிடைக்கும்?

முதல் விஷயம், பொதுவான விதிகள். இது கேட்க சலிப்பாக இருக்கும். ஆனால் இந்தத் தொழிலின் உயிர் இதில்தான் இருக்கிறது.

ஒரு தமிழ் ஆப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் 'சேமி' என்று பட்டன். இன்னொரு பக்கத்தில் அதே வேலைக்கு 'பதிவு செய்'. மூன்றாவது பக்கத்தில் புது கணக்கு தொடங்குவதற்கும் 'பதிவு செய்'. குரலை ரெக்கார்டு செய்வதற்கும் 'பதிவு செய்'. சிலிண்டர் புக் செய்வதற்கும் 'பதிவு செய்'. ஆப்பை எழுதியவருக்கு நான்கும் தெளிவாகத்தான் இருக்கும். அரை வெளிச்சத்தில் கண்ணாடி இல்லாமல் போனைப் பிடித்திருக்கும் ஒரு பாட்டிக்கு எப்படித் தெரியும்? 'ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்' என்று ஒரு விதி இருந்தால் இந்தக் குழப்பம் வராது. அந்த விதியை ஒரு கம்பெனியில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் உருவாக்கி, எல்லோரையும் ஏற்கவைப்பது ரொம்பக் கஷ்டம். பத்து கம்பெனி ஆட்கள் சேர்ந்து ஒப்புக்கொண்ட விதி என்றால் மேலாளர் தலையாட்டுவார்.

விமானத் துறையில் இதை எப்போதோ செய்துவிட்டார்கள். விமானத்தைப் பழுது பார்க்கும் மெக்கானிக் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவராக இருக்க மாட்டார். அவர் ஒரு வாக்கியத்தைத் தவறாகப் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் ஐரோப்பிய விமானத் தயாரிப்பு நிறுவனங்களின் கூட்டமைப்பு 1980களில் எளிய ஆங்கிலத்துக்கான விதிகளை வகுத்தது. இன்று அதற்கு ஏ.எஸ்.டி. எஸ்.டி.இ.100 என்று பெயர். கிட்டத்தட்ட 900 பொதுச் சொற்களுக்குத்தான் அனுமதி, அதோடு அந்தந்தத் துறையின் கலைச்சொற்கள். செய்முறை சொல்லும் வாக்கியத்தில் 20 சொல்லுக்கு மேல் கூடாது. 'டெஸ்ட்' என்பதைப் பெயர்ச்சொல்லாக மட்டுமே பயன்படுத்த வேண்டும், அதாவது 'ஒரு டெஸ்ட் செய்' என்றுதான் எழுத வேண்டும். நம் ஊர் மெக்கானிக் 'டெஸ்ட் பண்ணு' என்று ஏற்கெனவே அப்படித்தான் பேசுகிறார் என்பது வேறு கதை.

இதை எந்த ஒரு மேதையும் தனியாக எழுதவில்லை. பல நிறுவனங்களின் ஆட்கள் குழுவாக உட்கார்ந்து, சண்டை போட்டு, திருத்தி, மறுபடி வெளியிட்டது. இன்றைக்கும் திருத்தம் நடக்கிறது.

இரண்டாவது விஷயம், சட்டம் மாறுவது முன்கூட்டியே காதில் விழும். கோவையில் இருந்து ஒரு நிறுவனம் ஐரோப்பாவுக்கு பம்ப் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய இயந்திர ஒழுங்குமுறை 2027 ஜனவரி 20 முதல் அமலுக்கு வருகிறது. அதன்படி வழிமுறைப் புத்தகத்தை டிஜிட்டலாகத் தரலாம். ஆனால் வாங்குபவர் வாங்கும்போதே அச்சுப் பிரதி கேட்டால் இலவசமாகத் தர வேண்டும். சாதாரண வீட்டுப் பயன்பாட்டுக்குப் போகும் இயந்திரமாக இருந்தால் பாதுகாப்புத் தகவலைக் காகிதத்தில் கொடுத்தே ஆக வேண்டும். இது தெரியாமல் க்யூ.ஆர். கோடை மட்டும் ஒட்டி அனுப்பினால் சரக்கு சிக்கலில் மாட்டும். இந்தியாவிலும் மருத்துவக் கருவிகளுக்கான 2017ஆம் ஆண்டு விதிகள் லேபிளில் என்ன இருக்க வேண்டும் என்று பட்டியல் போட்டுச் சொல்கின்றன. இவையெல்லாம் கம்பெனி வக்கீலுக்குத் தெரிந்திருக்கலாம். எழுதுபவருக்கு யார் சொல்வார்கள்? பெரும்பாலும் இதே வேலையைச் செய்யும் இன்னொருவர்தான் சொல்வார்.

மூன்றாவது, மனுஷங்க. உங்கள் எழுத்தைப் படித்து, 'தம்பி, இந்த மூணாவது படி முதல்ல வரணும்' என்று சொல்லும் ஒரு மூத்தவர். 'அந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறாங்க' என்று ஒரு தகவல். 'இவ்வளவு அனுபவத்துக்கு இவ்வளவு கேட்கலாம்' என்று ஒரு கணக்கு. சென்னையில் இருப்பவருக்கு இது டீக்கடையில்கூடக் கிடைத்துவிடும். இரும்பையில் இருந்து வேலை செய்பவருக்குத் தேடிப் போனால்தான் உண்டு. ஆகவே சிற்றூரில் இருப்பவருக்குத்தான் சங்கம் அதிகம் தேவை என்பது என் கணிப்பு.

தமிழில் இது புதிதா?

இல்லவே இல்லை. 1916ல், சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி, நண்பர் வெங்கடசுப்பையரோடு சேர்ந்து தமிழ் சாஸ்திரீய பரிபாஷைச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார். அறிவியலைத் தமிழில் எழுத வேண்டும் என்றால் ஆளுக்கொரு சொல் பயன்படுத்தினால் ஆகாது, சேர்ந்து முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் நோக்கம். அதற்காக ஒரு பத்திரிகையும் நடத்தினார்கள். சங்கம் நீண்ட நாள் ஓடவில்லை. ஆனால் அந்த யோசனை ஓடியது. 1930களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் அந்த வேலையைக் கையில் எடுத்தது, 1938ல் கலைச்சொற்கள் தொகுதி வெளிவந்தது. பாடப்புத்தகங்களில் நாம் படித்த அறிவியல் தமிழுக்குப் பின்னால் இப்படிப் பல குழுக்களின் உழைப்பு இருக்கிறது.

கம்ப்யூட்டர் வந்தபோது அதே கதை மறுபடி நடந்தது. 1990களில் ஆளுக்கொரு தமிழ் எழுத்துரு, ஆளுக்கொரு விசைப்பலகை. ஒருவர் அனுப்பிய மின்னஞ்சல் இன்னொருவர் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்99 விசைப்பலகையை அரசு ஏற்றது. 2000ல் சிங்கப்பூரில் நடந்த மாநாட்டின்போது உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானது. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா என்று பல நாட்டுத் தமிழர்கள் தரப்படுத்தலுக்காகக் குழுக்களாக வேலை செய்தார்கள். இன்று எந்த போனில் இருந்து எந்த போனுக்குத் தமிழில் அனுப்பினாலும் படிக்க முடிகிறதே, அந்த நிலைக்கு வந்ததில் இப்படிப்பட்ட குழுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

இவர்களில் யாரும் தங்களை 'டெக்னிக்கல் ரைட்டர்' என்று அழைத்துக்கொள்ளவில்லை. செய்தது அந்த வேலையின் அடித்தளம்.

எஸ்.டி.சி. ஏன் மூடியது?

அதன் வரலாறு சுவாரஸ்யமானது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் ராடார், விமானம், மின்னணு என்று இயந்திரங்கள் குவிந்தன. அவற்றுக்கு வழிமுறை எழுதும் ஆட்களும் பெருகினார்கள். 1953ல் பாஸ்டனில் ஒன்று, நியூயார்க்கில் ஒன்று என இரண்டு சங்கங்கள் தொடங்கின. 1957ல் இரண்டும் ஒன்றாயின. 1971ல் எஸ்.டி.சி. என்ற பெயர் வந்தது. 'டெக்னிக்கல் கம்யூனிகேஷன்' என்ற ஆய்விதழ், ஆண்டு மாநாடு, சான்றிதழ் தேர்வு எல்லாம் நடத்தியது. இந்தியக் கிளை பெங்களூரு, புனே போன்ற நகரங்களில் மாநாடுகள் நடத்தியது. இங்கே பல மூத்த ரைட்டர்கள் முதன்முதலாக இன்னொரு ரைட்டரைச் சந்தித்ததே அந்த மாநாடுகளில்தான்.

பிறகு உறுப்பினர் எண்ணிக்கை குறைந்தது. கடனும் பொறுப்புகளும் வருமானத்தைத் தாண்டின. கடைசியில் அமெரிக்க திவால் சட்டத்தின் 7ஆம் அத்தியாயத்தின் கீழ் போனது. அந்த அத்தியாயம் என்றால் மறுசீரமைப்பு இல்லை, இருப்பதை விற்றுக் கடனைத் தீர்த்துவிட்டுக் கதவை மூடுவது.

கட்டணத்தைப் பார்த்தால் ஒரு காரணம் புரியும். சமீப ஆண்டுகளில் வழக்கமான உறுப்பினர் கட்டணம் ஆண்டுக்கு 200 டாலருக்கு மேல். நம் ரூபாயில் 15,000ஐத் தாண்டும். முன்பு அந்தக் காசுக்குப் பத்திரிகை, வேலை விளம்பரம், பாடம் எல்லாம் கிடைத்தன, அவை வேறு எங்கும் கிடைக்காது. இப்போது பாடம் இலவசம். டெக்னிக்கல் ரைட்டிங் பாடங்களை கூகுளே 2020ல் பொதுவெளியில் இலவசமாகத் திறந்துவிட்டது. வேலை விளம்பரத்துக்கு லிங்க்ட்இன் இருக்கிறது. தகவலை விற்ற சங்கத்துக்கு இணையம் வந்ததும் சிக்கல்தான்.

அப்படியானால் எல்லாச் சங்கங்களும் போய்விடுமா? ஜெர்மனியில் 1978ல் தொடங்கிய டெகோம் இன்னும் பலமாக நடக்கிறது. ஸ்டட்கர்ட்டில் நவம்பரில் அது நடத்தும் டிசிவேர்ல்டு மாநாடு இந்தத் துறையில் பெரியது. ஏன் அங்கே மட்டும்? ஐரோப்பாவில் வழிமுறைப் புத்தகம் சட்டப்படி பொருளின் ஒரு பகுதி. புத்தகத்தில் தவறு இருந்தால் பொருளிலேயே தவறு. அதனால் கம்பெனிகளுக்கே சங்கம் தேவைப்படுகிறது. பிரிட்டனில் 1972ல் உருவான ஐ.எஸ்.டி.சி.யும் இருக்கிறது.

இப்போ எங்கே சேரலாம்?

புதிதாக வருபவர் காசு கட்டாமலே தொடங்கலாம். 'ரைட் த டாக்ஸ்' என்று ஓர் உலகளாவிய குழு. 2013ல் அமெரிக்காவின் போர்ட்லேண்டில் ஒரு மாநாடாகத் தொடங்கியது. அதன் ஸ்லாக் அரட்டையில் சேரக் கட்டணம் இல்லை. டெவலப்பர்கள், ரைட்டர்கள், உதவி மையத்தில் வேலை செய்பவர்கள் எல்லோரும் இருப்பார்கள். கேள்வி கேட்டால் பதில் வரும். சம்பள சர்வேயும் நடத்தியிருக்கிறார்கள்.

பொறியியல் மாணவர் என்றால் ஐ.இ.இ.இ. மாணவர் கிளை உங்கள் கல்லூரியிலேயே இருக்கலாம். அந்த அமைப்புக்குள் தொழில்முறைத் தகவல்தொடர்புக்கு என்றே 1957ல் தொடங்கிய ஒரு பிரிவு உண்டு. மாணவர்களுக்குக் கட்டணம் குறைவு. தமிழில் எழுத விருப்பம் என்றால் உத்தமம், சென்னையின் கணித்தமிழ்ச் சங்கம் ஆகியவற்றின் கூட்டங்களைக் கவனியுங்கள். சொல் தேட அகரமுதலி இயக்ககத்தின் சொற்குவை தளம் இருக்கிறது. வேலையில் இருப்பவர்கள் டெகோமின் டிசிவேர்ல்டு மாநாடு இந்தியாவில் நடக்கும்போது கம்பெனியைக் கட்டணம் கட்டச் சொல்லிக் கேட்கலாம். கேட்டுப் பாருங்கள், சில நேரம் கிடைக்கும்.

காசு கட்டும் முன்...

சங்கம் என்ற பெயரில் சான்றிதழ் விற்கும் இடங்களும் உண்டு. 'மூன்று நாள் பயிற்சி, சர்வதேச சான்றிதழ், 100 சதவீத வேலை' என்று விளம்பரம் வந்தால் கொஞ்சம் நில்லுங்கள். சட்டப்படி கட்டாயச் சான்றிதழ் என்று இந்தத் தொழிலில் எதுவும் இல்லை என்று மேலே பார்த்தோம். ஆள் எடுப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது எழுதிய மாதிரிகளைத்தான்.

தமிழ்நாட்டில் பதிவு செய்த சங்கம் என்று சொன்னால், 1975ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு எண் இருக்க வேண்டும். அந்தச் சட்டப்படி குறைந்தது 7 பேர் சேர்ந்து சங்கம் அமைக்கலாம், ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும், கணக்கு காட்ட வேண்டும். போன வருஷக் கணக்கைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அதைவிட எளிய கேள்வி ஒன்று இருக்கிறது. போன மாதம் கூட்டம் நடந்ததா, யார் பேசினார்கள், எத்தனை பேர் வந்தார்கள்? தலைவர் படமும் உறுப்பினர் அட்டையும் மட்டும் இருந்து, கூட்டமே நடக்காத சங்கத்தில் 500 ரூபாய் கட்டுவதும் வீண். கட்டணமே இல்லாத ஒரு குழுவில் வாரம் ஒருவர் தன் பக்கத்தைப் போட்டு மற்றவர்கள் திருத்துகிறார்கள் என்றால், நேரம் செலவழிக்கலாம்.

சேர்ந்த பிறகும் ஒரு விஷயம். வேடிக்கை பார்த்துக்கொண்டே இருந்தால் எதுவும் கிடைக்காது. முதல் மாதத்திலேயே ஏதாவது ஒன்றைப் போடுங்கள். உங்கள் போனில் உள்ள ஒரு ஆப்பின் தமிழ் உதவிப் பக்கத்தை எடுங்கள், 'பதிவு செய்' எத்தனை பொருளில் வருகிறது என்று எண்ணுங்கள், திருத்தி எழுதிக் குழுவில் போடுங்கள். உங்கள் கம்பெனியின் ரகசியம் எதுவும் அதில் இருக்காது, அதனால் பயம் இல்லை. வருகிற திருத்தங்களோடு சேர்த்து அதுவே உங்கள் முதல் மாதிரி.

இரும்பை பக்கம் உங்களைப் போலவே இன்னும் இரண்டு பேர் இருந்தால், குழுவில் ஊர்ப் பெயரைப் போட்டுக் கேட்டுப் பாருங்கள். திருச்சிற்றம்பலம் கூட்ரோட்டில் ஒரு டீக்கடை போதும்.